கண்ணெதிரே காணாமற் போனது

பரண்மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கித் துடைத்து, நாலு தும்மல் தும்மிவிட்டு, மின்சாரம் கொடுத்தோம். விசிறி சுழன்றது. "பீப்" என்று ஒரு தரம் கூவிற்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் மளமளவென்று ஓடி, கடைசியில் ஒரே ஒரு வரியில் வந்து நின்றுவிட்டன. "டிஸ்க் எதையும் காணோம்" என்பது அந்த வரியின் சாராம்சம்.

டிஸ்க் எங்கும் போய்விடவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. தொட்டால் உள்ளங்கையில் இலேசாக அதிர்கிறது. எனக்குத் தெரிகிறது, பக்கத்தில் நின்ற சிறு பெண்ணுக்குத் தெரிகிறது, யந்திரத்துக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தச் சிறு பெண் என் மூத்த சகோதரியின் பேத்தி. அவள் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். 1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அடுத்தது சென்னைதான் என்று பட்டணமே காலியாயிற்று. எங்கள் குடும்பமும் எழும்பூரில் ரயில் ஏறிக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. நான் கைக்குழந்தை. அந்தப் பயணத்தையும் அதற்குப் பின் வந்த வருஷங்களையும் அறிந்தவர்கள் எங்கள் வீட்டில் அவளைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. 2002-இல் நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அக்கா தினம் சாயங்காலம் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லுவாள். நான் இரண்டே விரலால் தட்டுவேன். நூறு பக்கத்துக்கு மேல் சேர்ந்தது. 'முழுவதும் முடியட்டும், ஒரேயடியாய் அச்சுப் பண்ணிக் கொள்ளலாம்' என்று இருந்துவிட்டேன். நாவல் எழுதுகிறவனுக்குள்ள பொல்லாத வழக்கம் இது. 2004-இல் அக்கா போய்விட்டாள்.

"தாத்தா, பாட்டி சொன்னதெல்லாம் உங்களிடம் இருக்கிறதாமே?" என்று கேட்டுக்கொண்டு இப்போது பேத்தி வந்து நிற்கிறாள்.

"இருக்கிறது, அம்மா" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுத்தான் பரணைக் காட்டினேன்.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பிள்ளை ஒருவன் இருக்கிறான். மிகவும் பொறுமைசாலி. வந்ததும் முதலில் உள்ளே இருந்த நாணயம் போன்ற பேட்டரியைப் பிடுங்கிப் புதிதாக ஒன்று போட்டான். அது செத்துப் போனால் யந்திரத்துக்குத் தேதியும் மறந்துவிடும், நாம் சொல்லி வைத்திருந்த ஏற்பாடுகளும் மறந்துவிடும். பிறகு டிஸ்க்கையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் பட்டை கேபிளை மாற்றினான். டிஸ்க்குக்குப் போகும் மின்சார ஒயரை வேறொன்றாக மாற்றிச் செருகினான். பயனில்லை. டிஸ்க்கை வெளியே எடுத்து, கையோடு கொண்டு வந்திருந்த ஒரு சிறு கருவியின் வழியாகத் தன் மடிக் கணினியில் இணைத்துப் பார்த்தான். டிஸ்க் சுழன்றது. ஆனால் பெயர் வரவில்லை.

"சுற்றுகிறது, சார். 'டக் டக்' என்று சத்தமும் இல்லை. அதனால் உயிர் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பதில் சொல்லமாட்டேன் என்கிறது" என்றான்.

"திறந்து பார்த்தால் என்ன?"

"ஐயையோ! அதை மட்டும் செய்யாதீர்கள், சார். உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் போச்சு."

நாளை யோசித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாவலாசிரியனுக்குப் பாத்திரம் ஏன் பேச மறுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் பூர்வோத்தரத்தைத் தேட வேண்டும். ஆகவே இந்த டிஸ்க் ஜாதியின் குல வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். அது ஓர் உருப்படியான சரித்திரம். ராஜாக்கள் இல்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

ஆதி புருஷர் பிறந்தது 1956-ஆம் வருஷம் செப்டம்பரில். கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் ரெனால்ட் ஜான்ஸன். அவரும் அவருடைய குழுவும் செய்த யந்திரத்துக்கு ராமாக் என்று பெயர். இரண்டடி அகலமுள்ள ஐம்பது தட்டுகளை ஒரே அச்சில் அடுக்கிச் சுழல விட்டிருந்தார்கள். கிளி ஜோசியக்காரனின் கிளிபோல ஒரு கை மேலும் கீழும் போய் வேண்டிய தட்டில் வேண்டிய எழுத்தை எடுத்தது. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஐம்பது லட்சம் எழுத்துக்கள். எடையோ ஒரு டன்னுக்கு மேல். இன்றைக்கு ஒரு கல்யாண போட்டோவே அதில் அடங்காது. ஆனால் அந்த யந்திரத்தைப் பார்த்து யாராவது "டிஸ்க்கைக் காணோமே!" என்று சொல்லியிருக்க முடியுமா? அறையில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டு நின்றது. இன்ன யந்திரத்துக்கு இன்ன டிஸ்க் என்று பிறக்கும்போதே முடிச்சுப் போட்டு அனுப்பினார்கள்.

காணாமற் போகும் வியாதி வந்ததெல்லாம் டிஸ்க் சின்னதாகி, விலை குறைந்து, கடையில் தனியே வாங்கலாம் என்று ஆன பிறகுதான். அதற்குக் காரணமானவர்களில் ஆலன் ஷுகார்ட் என்பவர் முக்கியமானவர். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர். 1979-இல் பினிஸ் கானர் முதலிய கூட்டாளிகளுடன் ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் பின்னால் ஸீகேட் என்று பேர் வாங்கியது. 1980-இல் அவர்கள் கொண்டு வந்த டிஸ்க், ராமாக்கின் ஐம்பது லட்சம் எழுத்துக்களை ஒரு தடித்த புத்தகத்தின் அளவுக்குள் அடக்கிவிட்டது. (இந்த ஷுகார்ட் ரசமான மனிதர். 1996-இல் தம் நாயை அமெரிக்கக் காங்கிரஸுக்கு வேட்பாளராக நிறுத்த முயன்றார். நாய் ஜயிக்கவில்லை.)

1983-இல் ஐ.பி.எம். தன் சிறு கம்ப்யூட்டரில் பத்து மெகாபைட் டிஸ்க் ஒன்றை வைத்து விற்றது. மறு வருஷம் வந்த ஏ.டி. என்ற யந்திரத்தில்தான் நம் கதையின் முதல் முடிச்சு விழுந்தது.

அந்தக் காலத்து டிஸ்க் ஊமை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. எத்தனை வட்டம், எத்தனை தலை, ஒரு வட்டத்தில் எத்தனை கூறு என்ற மூன்று சங்கதிகளையும் யந்திரத்துக்கு வேறு யாராவது சொல்ல வேண்டும். ஏ.டி. யந்திரத்தில் அதற்கு ஒரு ஜாபிதா போட்டு, அழிக்க முடியாத சில்லில் பதித்து வைத்தார்கள். முதல் வகை என்றால் 306 வட்டம், 4 தலை, 17 கூறு. அதாவது பத்து மெகாபைட். இரண்டாம் வகை என்றால் 615 வட்டம், இருபது மெகாபைட். இப்படிப் பதினாலு வகை. வாங்கியவர் தம் டிஸ்க் எந்த வகை என்று பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை யந்திரம் ஒரு சின்ன நினைவுச் சில்லில் எழுதி வைத்துக்கொண்டது. அந்தச் சில்லின் உயிர் பேட்டரியில். பேட்டரி தீர்ந்த மறுநாள் காலையில் யந்திரத்துக்கு டிஸ்க் இல்லை! டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதன் வகை எண்ணை மறந்துபோன பயனர்தாம் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். விவரமானவர்கள் அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வைத்தார்களாம். என் தாயார் அரிசிப் பானைக்குள் கணக்குச் சீட்டு வைப்பாள், அதுபோல.

ஜாபிதாவில் இல்லாத டிஸ்க்கை வாங்கினவன் கதி? அதைவிடச் சிறியதாக ஜாபிதாவில் உள்ள ஒன்றின் பேரைச் சொல்லி ஒப்பேற்ற வேண்டியதுதான். மிச்ச இடம் வீண். பின்னால் வந்தவர்கள் ஜாபிதாவை நீட்டினார்கள். பலருடைய யந்திரங்களில் நாற்பத்தேழாவது வகை என்று ஒன்று வந்தது. அது வெறும் கட்டம். எண்களை நீங்களே நிரப்பிக் கொள்ளலாம்.

இந்த ஊமைத்தனத்தைத் தீர்த்தது 1986-இல் காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல் என்ற இரண்டு ஸ்தாபனங்களின் கூட்டு முயற்சியில் பிறந்த ஐ.டி.இ. முறை. டிஸ்க்கை ஆட்டி வைக்கும் மூளை அதுவரை தனி அட்டையில் இருந்தது. அதைத் தூக்கி டிஸ்க்கின் முதுகிலேயே வைத்துவிட்டார்கள். டிஸ்க்குக்கு வாய் வந்துவிட்டது. யந்திரம் விழித்தெழுந்ததும் "நீ யார்?" என்று கேட்கும். டிஸ்க் 512 எழுத்தளவில் ஒரு பதில் தரும். அதற்குள் அதன் பெயர், வரிசை எண், கொள்ளளவு எல்லாம் இருக்கும். பெயருக்கு நாற்பது எழுத்து இடம். அந்தப் பெயரை இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாற்றி வைத்திருப்பார்கள் என்பது ஒரு வேடிக்கை. சரவணன் என்று பெயரானால் 'ரசணவன்' என்று இருக்கும். யந்திரம் அதைத் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் 'காண்பது' என்று நாம் சொல்லுவது இந்தக் கேள்வியையும் பதிலையும்தான். கண் என்று ஒன்றும் கிடையாது. கேள்வி போய்ச் சேராவிட்டாலும், பதில் வந்து சேராவிட்டாலும், வந்த பதில் புரியாவிட்டாலும், யந்திரத்தின் தீர்ப்பு ஒன்றேதான்: "டிஸ்க் இல்லை." இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அக்காவின் பக்கங்கள் அழிந்துவிட்டன என்று அந்த ஒரு வரி சொல்லவில்லையே!

வாய் வந்தால் வம்பும் வரும் அல்லவா? பதில் புரியாமற் போவதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். கம்ப்யூட்டரின் பழைய நிரலில் வட்டத்துக்கு 1,024, தலைக்கு 256, கூறுக்கு 63 என்று உச்ச வரம்பு இருந்தது. டிஸ்க் பக்கத்தில் வட்டம் 65,536 வரை போகலாம், தலை 16 தான், கூறு 255 வரை. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் தாராளமானதுதான். ஆனால் ஒரு விண்ணப்பத்தை இரண்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆபீஸின் தாளில் பேருக்கு நிறையக் கட்டம், ஊருக்குக் குறைச்சல். மற்ற ஆபீஸில் ஊருக்கு நிறைய, பேருக்குக் குறைச்சல். இரண்டு தாளிலும் பொருந்த வேண்டுமானால் பேரையும் சுருக்கி ஊரையும் சுருக்கத்தானே வேண்டும்? அதே கதைதான் இங்கும். 1,024 வட்டம், 16 தலை, 63 கூறு. ஒரு கூற்றுக்கு 512 எழுத்து. பெருக்கினால் 52,84,82,304. ஐந்நூற்று இருபத்தெட்டு மெகாபைட்! இரண்டு தாராளங்கள் சேர்ந்து ஒரு கஞ்சத்தனத்தைப் பெற்றெடுத்தன. 1990-களின் நடுவில் அதைவிடப் பெரிய டிஸ்க்குகள் கடைக்கு வந்தபோது, பழைய யந்திரங்கள் அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டன.

அந்தச் சுவரை ஒரு தந்திரத்தால் தாண்டினார்கள். தாண்டியவுடனே 8.4 ஜிகாபைட்டில் அடுத்த சுவர். அதையும் தாண்டினால், 33.8-இல் இன்னொன்று. இது கொஞ்சம் குரூரமானது. சில யந்திரங்கள் டிஸ்க்கைத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லாமல், அதைப் பார்த்த மாத்திரத்தில் பேச்சு மூச்சற்று நின்றுவிட்டன. பெரிய டிஸ்க்கைச் சிறியதுபோல் பொய் சொல்ல வைப்பதற்கென்றே டிஸ்க்கின் முதுகில் ஒரு செருகல் வைத்து விற்றார்கள்.

அதற்கடுத்த சுவரில் நானே முட்டியிருக்கிறேன். 2006-இல் என் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று 160 ஜிகாபைட்டில் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கிச் சேர்த்தேன். திரையில் ஏறக்குறைய 128 என்றுதான் காட்டியது. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் மேல் தவறில்லை. கூறுகளுக்கு எண் கொடுக்க அந்தத் தலைமுறை யந்திரம் இருபத்தெட்டு இலக்க இடம்தான் வைத்திருந்தது. அதற்கு மேல் எண்ணத் தெரியாது. கடைக்காரர் கணக்கில் அது 137. திரை எண்ணும் விதத்தில் 128. இரண்டும் ஒன்றேதான். நாற்பத்தெட்டு இலக்கமாக விரித்த புதிய விதி 2002 வாக்கிலேயே வந்துவிட்டது. என் யந்திரம் அதற்கு ஒரு மூச்சு முந்திப் பிறந்துவிட்டது. பிற்பாடு 2.2 டெராபைட்டில் ஒரு சுவர் வந்தது. 1983-இல் வகுத்த பாகப் பத்திர முறையில் முப்பத்திரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். இருபத்தேழு வருஷம் யாரும் அதைத் தொடவில்லை. 2010-இல் மூன்று டெராபைட் டிஸ்க் வந்த பிறகே அது உறுத்தியது.

இவர்களில் யாரையும் முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து மெகாபைட்டே ஐசுவரியம் என்றிருந்த நாளில் ஐந்நூறுக்கு இடம் விட்டவர்கள் அவர்கள். நம் பெரியவர்கள் மாட்டு வண்டி இரண்டு ஒதுங்கிப் போகும்படி தெரு போட்டார்கள். அதில் லாரி நுழையவில்லை என்று அவர்களை ஏசலாமா?

மணி இரண்டடித்திருக்கும். அந்த 160 ஜிகாபைட் டிஸ்க்கைப் பற்றி எண்ணியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. இப்போது அது எங்கே? 2013-இல் பழைய பெட்டியைப் பரணில் ஏற்றும் முன்பு, இதை மட்டும் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டோம். அப்படியானால் முதல் டிஸ்க் அதன் துணையில்லாமல் ஒரு நாளும் விழித்ததில்லை.

ஐ.டி.இ. முறையில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகளை மாட்டலாம். ஒன்றுக்கு எஜமான் என்று பெயர், மற்றதற்கு அடிமை. (இந்தப் பெயர்கள் காதுக்கு நாராசமாக இருக்கின்றன. 2003-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஜில்லா நிர்வாகம் இவற்றைக் கைவிடும்படி வியாபாரிகளைக் கேட்டுக்கொண்டது.) எது எஜமான் என்று காட்ட, டிஸ்க்கின் பின்புறம் உள்ள ஊசிகளில் ஜம்பர் என்ற சின்னச் செருகலைப் போட வேண்டும். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. விழித்தவுடன் அடிமை தன்னைச் சோதித்துக்கொண்டு "நான் சௌக்கியம்" என்று எஜமானுக்குத் தனிக் கம்பியில் சைகை காட்டும். அதற்காக எஜமான் அரை நிமிஷம்வரை காத்திருக்கும். சில உற்பத்தியாளர்களின் டிஸ்க்குகளில் 'தனி ஆள்' என்பதற்கு ஒரு நிலை, 'துணையோடு இருக்கும் எஜமான்' என்பதற்கு வேறொரு நிலை. இரண்டாவது நிலையில் வைத்துவிட்டுத் துணையைப் பிரித்துவிட்டால், வராத சைகைக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். அதற்குள் யந்திரம் கேட்டுப் பார்த்து, பதில் இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

2003-க்குப் பின் வந்த ஸாட்டா முறையில் ஒரு கேபிளுக்கு ஒரே டிஸ்க். எஜமானும் இல்லை, அடிமையும் இல்லை. அங்கும் வேறு சண்டை உண்டு. வேகமான புது டிஸ்க்கும் முதல் தலைமுறைப் பலகையும் வேகத்தில் ஒத்துப் போகாமல் முகம் திருப்பிக்கொள்ளும். அதற்கும் ஒரு ஜம்பர் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அது நிற்க.

மேஜை விளக்கை ஏற்றி, பூதக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு டிஸ்க்கின் முதுகுச் சீட்டைப் படித்தேன். ஊசிகளின் படம் சின்னச் சின்னதாக இருந்தது. சந்தேகமே இல்லை. செருகல் 'துணையோடு' என்ற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. 2006-இல் போட்டது.

காலையில் பிள்ளை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான்.

"இந்த ரகத்துக்குத் தனியாக இருந்தால் ஜம்பரே வேண்டாம், சார். நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்தபோதே இதெல்லாம் போய்விட்டது" என்று சொல்லி, மூக்குச் சாமணத்தால் அந்தக் கடுகளவு பிளாஸ்டிக் துண்டைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தான். கேபிளை மாட்டி மின்சாரம் கொடுத்தான். எழுத்துக்கள் ஓடின. நாலாவது வரியில் டிஸ்க் தன் பெயரைச் சொல்லிற்று.

"விண்டோஸ் ஏதாவது கேட்டால் 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள், சார். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகல் எடுத்துவிடலாம்" என்றான். இரண்டு இடத்தில் எடுத்தோம்.

அக்காவின் கோப்பைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஒரே குப்பை! யுனிகோடு வழக்கத்துக்கு வருமுன் அவரவர் ஓர் எழுத்துருவுக்குத் தக்கபடி தமிழைத் தட்டிய காலம் அது. நல்ல வேளை, அந்த எழுத்துருவும் அதே டிஸ்க்கில் இருந்தது. பேத்தி அதைப் பொருத்தினாள். குப்பை கலைந்து தமிழாயிற்று. அவள் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். எழும்பூர் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை, அப்பா கூஜாவைத் தொலைத்துவிட்டார், பாலாடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம், செங்கல்பட்டு வரையில் தம்பி அழுதுகொண்டே வந்தான் என்று அக்கா சொல்லிக்கொண்டு போனாள்.

"தம்பி யார், தாத்தா?" என்றாள் பேத்தி.

"மேலே படி" என்றேன்.